முந்நூறு கப்பல்கள் இறங்குமிடம்

முந்நூறு போர்க்கப்பல்கள் எந்தக் கரையில் இறங்கலாம் என்று பார்த்துவர, கருவாட்டு வியாபாரி வேடத்தில் அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவன் கொற்றன். பௌர்ணமியன்று விடிந்ததும் தோணியைக் கரையோரம் கட்டிவிட்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அவன் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிப்பி பொறுக்க வந்த செம்பாயி என்ற பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கருவாடு விக்க வந்தவருக்கு ஆழம் எதுக்கு? அங்கெல்லாம் பாறைதான். நீங்க வந்தீங்களே, அது ஒண்ணுதான் வழி. எத்தனை கப்பல் வருது?”

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “முந்நூறு.”

அவள் பயப்படவில்லை. கல்யாணத்துக்கு ஆள் வருவதுபோல யோசித்தாள். “ஒவ்வொண்ணாத்தானே நுழைய முடியும்? கடைசிக் கப்பல் வர்ற வரைக்கும் முதல்ல இறங்கினவங்க தனியா என்ன பண்ணுவாங்க? குடிக்கத் தண்ணி?”

அரண்மனையில் இதை யாருமே கேட்கவில்லை. உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்று திரும்பினான். கடல் வடிந்து, தோணி பாறைமேல் சாய்ந்து கிடந்தது.

“பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் தண்ணி இவ்வளவு மேல ஏறும். இனி அமாவாசைக்குத்தான் மிதக்கும். அதுவரைக்கும் எங்க வீட்டில சாப்பிடுங்க” என்றாள்.

பத்து நாளில் அவன் திரும்பாவிட்டாலும் கப்பல்கள் புறப்பட்டுவிடும். முதல் கப்பலில் அவன் தம்பி. கரையில் ஒதுங்கிய கட்டைகளை வேகவேகமாகப் பொறுக்கிக் குவித்தான்.

“இங்கே தீ மூட்டினா கடல்ல எவ்வளவு தூரம் தெரியும்?”

செம்பாயியும் ஒரு கட்டையைக் கொண்டுவந்து போட்டாள். “தெரியறது இருக்கட்டும். வரச் சொல்றதுக்கா, போகச் சொல்றதுக்கா?”