கூண்டுக்குள் கோடை

மார்கழி மாதத்து மதியம், காரிமங்கலத்தில் வெளிச்சம் அந்தி போல மங்கிக் கிடக்கிறது. கறுப்புத் துணி போர்த்திய கூண்டுக்குள் மட்டும் கோடைகாலம். கவுதாரி தொண்டை கிழியக் கத்துகிறது. "இந்தக் குளுர்ல எந்தக் கவுதாரியும் இப்படிக் கத்தாதுங்க பாய். வெளியே ஒண்ணாச்சும் பதில் சொல்லுதா பாருங்க," என்கிறான் சித்தேரியிலிருந்து தேன் விற்க வந்த மல்லையன். "எல்லாம் நம்ம கைராசி மல்லையா!" முறுக்க மீசையில்லாததால் நூர் பாஷா தாடியை நீவிக்கொள்கிறார். பறவைக்குப் பருவத்தைக் கிளப்பிவிடுவது கழுத்துச் சுரப்பிதான் என்று கால்நடை டாக்டர் சொன்னதை மட்டும் அவர் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. உள்ளே அவர் மனைவி வஹிதா, கழுத்து வீக்கத்தைத் தடவியபடி கம்பளிக்குள் நடுங்குகிறாள். கொஞ்ச நாளாக அவளுடைய தைராய்டு மாத்திரைகள் காணாமல் போகின்றன, குரலும் கம்மிவிட்டது. மல்லையன் போனதும் தண்ணீர் வைக்க வந்து துணியை விலக்குகிறாள். தீனிக் கிண்ணத்தில், கம்புக்கு நடுவே, வெள்ளையாக அரை மாத்திரை. "என்னாங்க இது?" பாதிக் குரல்தான் வருகிறது. "கொஞ்சம் பொறுத்துக்கோ வஹிதா. ஊரே கேக்க வருதில்ல?" அவள் மாத்திரையை எடுத்து, ஒட்டிய உமியோடு விழுங்குகிறாள். கவுதாரி கத்துவதை நிறுத்திவிட்டு, மாத்திரை அவள் தொண்டைக்குள் இறங்குவதையே பார்க்கிறது.