துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை

“நாளைக்குக் கிளம்புற கப்பலுக்காக வந்திருக்கோம். துறைமுகத்துக்குப் பக்கத்துலயே ஓர் அறை வேணும்மா,” என்றாள் எரிதானியா, லா ரொமானா நகரத்துப் பயண அலுவலகத்தில்.

அங்கிருந்த பெண் சிரித்தாள். “அங்க இருக்கறது மூட்டைப்பூச்சி விடுதிதான்க்கா. கடற்கரையில நல்லதாத் தர்றேன். ராத்திரி மெரெங்கே ஆட்டம் உண்டு, மாமாவோட ஆடுங்க!”

கணவன் ரதமேஸ் தலை நிமிரவில்லை.

“பூச்சி கடிச்சாப் பரவாயில்ல. விடியறதுக்குள்ள நாங்க அங்க நிக்கணும்.”

“என்னக்கா அவசரம்? மத்தியானம்தானே ஆளுங்களை ஏத்துவாங்க!”

“அதுக்கு முன்னாடியே இறக்கிடுவாங்களாம்.” எரிதானியா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கப்பல் சமையல்கட்டுல வேலை பார்த்த எங்க பையனை... பின்வாசல் வழியா, பெட்டியில. புதுசா ஏற வர்றவங்க கண்ணுல அது படக் கூடாதாம்.”