பென்ரோஸ் வம்சம்

டெஸ்மண்ட் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை நாலாவது தடவையாக எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து வைத்தார்.

"என்ன டெஸ், பேச வேண்டியது மறந்துபோச்சா? பார்த்தே படிங்களேன், யாரு சிரிக்கப்போறா?" என்றாள் மனைவி மெர்ல்.

டாஸ்மேனியாவின் அந்த ஆற்றங்கரைப் பூங்காவில் பென்ரோஸ் வம்சத்தார் நூற்று நாற்பது பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் சட்டையிலும் ஒபதியா பென்ரோஸின் படம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, இந்தத் தீவில் பண்ணை போட்டு உட்கார்ந்த மூதாதை அவர்.

பதினோரு வருஷம் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று, அவர் வரலாற்றைப் புத்தகமாக எழுதியிருந்தார் டெஸ்மண்ட். அக்கா நோலீன் மட்டும், "செத்தவரை எதுக்குடா தோண்டுற?" என்று ஆரம்பத்திலிருந்தே முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆசை விடவில்லை. ஆண்வழி மரபணுச் சோதனைக்கு எச்சிலையும் அனுப்பிவைத்தார். முடிவு இன்று காலைதான் வந்தது. இங்கிலாந்திலுள்ள பென்ரோஸ்களுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒபதியா காலத்திலிருந்தே பக்கத்துப் பண்ணையில் இருக்கும் டிரிஸ்கல் குடும்பத்தோடு அச்சாகப் பொருந்துகிறது!

டிரிஸ்கல் கிழவர் வாராவாரம் அம்மாவுக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தது ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிறு விடாமல் சர்ச்சுக்குப் போன அம்மா!

ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் பலமாக எழுந்தது. டெஸ்மண்ட் மேடைக்குப் போகாமல், அக்காவைத் தேநீர் மேசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"அக்கா, நான் பேசமாட்டேன். நான் பென்ரோஸே இல்ல." காகிதத்தை நீட்டினார். "அம்மா இப்படிப் பண்ணியிருப்பாங்கன்னு..."

நோலீன் கையிலிருந்த சாஸேஜ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் படித்தாள். பிறகு, அறுபத்திரண்டு வயதுத் தம்பியின் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"அம்மாவைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, பல்லைத் தட்டிடுவேன்."

"அப்போ நான் யாருக்கா? இத்தனை பேருக்கு நடுவுல நான் ஒருத்தன் மட்டும் வெளியாளா?"

"டெஸ்! டெஸ்!" என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது.

நோலீன் காகிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். தம்பியின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

"ஒபதியாவோட பொண்டாட்டி தன் தங்கச்சிக்கு எழுதின கடுதாசி ஒண்ணு முப்பது வருஷமா என்கிட்டதான் இருக்கு. நீ போய்த் தைரியமாப் பேசு."

"என்ன எழுதியிருக்கு?"

"அவ பெத்ததுல ஒண்ணுகூட அவருக்குப் பிறக்கலைடா!"