தொட்டி கழுவிய தேதி

“தண்ணிக்கு ஒரு கேடும் இல்ல. முதல்ல உங்க வீட்டுக் குடத்தக் கழுவுங்க” என்றார் ஓவர்சியர், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிச்சைக்கனிக்குச் சுருக்கென்றது. குடிநீர் ஆபீசுக்கு அவன் வருவது இது மூன்றாவது தடவை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பதினோரு பேருக்கு மஞ்சள்காமாலை. அதில் ஒருத்தி அவன் மகள் கௌசல்யா. எட்டு வயது. ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, கஞ்சியைக் கண்டாலே குமட்டுகிறாள். அவன் பெண்டாட்டி பூமாரி பிள்ளையின் கட்டிலை விட்டு நகரவில்லை. பெயின்ட் வேலைக்குப் போகாமல் இவன் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நாயாக அலைகிறான்.

கேட்பது பெரிய விஷயமில்லை. குழாய்த் தண்ணீர் சரியாகும் வரை தெருவுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று இந்த ஆபீஸ் எழுதிக் கொடுத்தால்தான் லாரி வரும். அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் ஓவர்சியருக்கு உயிர் போகிறது.

துணைக்கு வந்திருந்த ஜெயபாய் விடவில்லை. மார்த்தாண்டத்துக்காரி, இருபது வருடமாகத் தெருமுனையில் டீக்கடை. அந்தத் தெருப் பெரியவர்களில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குழாயில் சாக்கடை நாற்றம் அடித்ததையும், வடிகட்டிய துணியில் புழு நெளிந்ததையும் மளமளவென்று மலையாளத்தில் கொட்டித் தீர்த்தாள். பிச்சைக்கனிக்கும் புரியட்டும் என்று ஓவர்சியர் தமிழிலேயே பதில் சொன்னார். ஓட்டலில் கண்டதையும் தின்றால் காமாலை வராமல் என்ன செய்யும் என்றார். உங்கள் ஆட்களுக்குச் சுத்தம் போதாது என்றார். அவருக்கு நாக்கு எந்த மொழியிலும் நன்றாகவே புரண்டது.

“நாறினப்போ காய்ச்சிக் குடிங்கன்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே சார்” என்றாள் ஜெயபாய். “நாங்களாத்தான் காய்ச்சிக் குடிச்சோம். ஒரு மாசம் முன்னாடி ரேஷன் கடைச் சுவர்ல நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானே? தொட்டியக் கழுவியாச்சு, இனி பேடிக்க வேண்டாம், பயமில்லாமக் குடிக்கலாம்னு?”

அந்த நோட்டீஸைத் தெருவுக்கு வாசித்துச் சொன்னவளே அவள்தான். அன்று சாயந்திரமே பிச்சைக்கனி பூமாரியிடம், மண்ணெண்ணெய் என்ன சும்மாவா கிடைக்கிறது, இனிமேல் காய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இன்னும் ஒரு வாரம் பார்ப்போமே என்று அவள் முனகினாள். சர்க்காரே எழுதி ஒட்டியிருக்கிறது, நீ என்ன சர்க்காருக்கும் மேலயா என்று அவள் வாயை அடைத்தவன் இவன். ஆஸ்பத்திரியில் அவள் இதுவரை அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இத்தனைக்கும் அது எந்தத் தொட்டி, எங்கே இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் சொன்னதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான் தெரியும்.

“கழுவினோம், அதனாலதான் ஒட்டினோம்.” ஓவர்சியர் பேனாவை மூடி வைத்தார். “சும்மா வந்து வாய்க்கு வந்ததப் பறயக் கூடாது. இங்க எல்லாத்துக்கும் ரெக்கார்டு உண்டு.”

அலமாரியிலிருந்து இன்னொரு ஃபைலை உருவி, அதில் பின் குத்தியிருந்த போட்டோவை மேஜைமேல் போட்டார். ஒரு மேட்டில் பெரிய கான்கிரீட் தொட்டி. வெள்ளையடித்த சுவரில் நீல பெயின்டில் பெரிது பெரிதாக மலையாள எழுத்து. தொட்டியைக் கழுவினால் அன்றைய தேதியைத் தொட்டி மேலேயே எழுதிப் போட்டோ எடுத்து வைப்பது ஆபீஸ் முறை என்றும், இதற்கு மேல் சாட்சி வேண்டுமானால் கடவுள்தான் இறங்கி வர வேண்டும் என்றும் சொன்னார்.

ஜெயபாய் குனிந்து போட்டோவிலிருந்த தேதியை வாசித்துப் பார்த்தாள். எழுத்தில் இருப்பதை எதிர்த்து அவள் என்ன பேசுவாள்? லாரி இல்லை என்றால் நாளைக்கும் இதே குழாய்தான், இதே தண்ணீர்தான்.

“வா தம்பி, போவோம். இவங்ககிட்ட மல்லுக்கட்டி ஆகப்போறது ஒண்ணுமில்ல” என்று எழுந்தாள்.

பிச்சைக்கனி எழுந்திருக்கவில்லை. போட்டோவைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஜெயபாய் அவன் தோளைத் தொட்டாள். அவன் போட்டோவை ஓவர்சியர் பக்கம் திருப்பினான்.

“இதுல என்ன எழுதியிருக்கு சார்? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

ஓவர்சியர் சலித்துக்கொண்டார். இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துத் தமிழில் சொன்னார். “இந்தத் தொட்டி சுத்தம் செய்த தேதி, மார்ச் பதினாலு, ரெண்டாயிரத்து மூணு. போதுமா?”

பிச்சைக்கனி போட்டோவை மேஜையில் வைத்தான்.

“போதும் சார். எனக்கு மலையாளம் தெரியாது. கான்ட்ராக்டர் இத ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாரு. கோலம் மாதிரி அப்படியே பாத்து வரைஞ்சு வச்சிட்டு வந்தேன். அந்தப் பதினாலாம் தேதி காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் அந்தத் தொட்டி மேல இருந்தது நான் ஒருத்தன்தான். மூடியத் திறக்க யாரும் வரல. நான் எழுதினத நம்பித்தான் சார், என் பிள்ளைக்கு நானே பச்சத் தண்ணியக் குடுத்திருக்கேன்.”