நாற்காலிக்குப் போட்ட பசை

காலை ஏழு மணிக்கு நாற்காலியின் முன்னங்கால் கழன்று மல்லிநாதன் கையோடு வந்துவிட்டது.

சேத்துப்பட்டிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா ஒன்பதரை பஸ்ஸில் ஆரணிக்கு வருகிறார். வீட்டில் கை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். தூசு தட்டுகிறேன் பேர்வழி என்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் மல்லிநாதனேதான். மனைவி கனகவதி ஒன்றும் சொல்லவில்லை. எப்போது சொல்லாமலிருந்தால் அதிகம் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மகள் ரத்னமாலாவுக்கு இது நாலாவது வரன். முதல் மூன்றும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனவை. இதுவும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில் மனிதருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

தச்சர் பரசுராமன் உளியோடும் வஜ்ஜிரப் பசை டப்பாவோடும் வந்தார். டப்பாவை அடுப்பில் ஏற்றப் போனவரை மல்லிநாதன் தடுத்தார்.

“அது எதுல செஞ்சது?”

“மாட்டுத் தோலு, எலும்பு, கால் கொளம்பு, எல்லாத்தையும் போட்டுக் காய்ச்சறதுதான் நயினாரே.”

மல்லிநாதன் இரண்டடி பின்வாங்கினார். அவரும் சமணர், வருகிறவரும் சமணர். ஆனால் வருகிற வர்த்தமானன் வேறு ரகம். தண்ணீரை மூன்று முறை வடிகட்டிக் குடிப்பவர். எறும்புச் சாரி குறுக்கே போனால் பஸ்ஸே போனாலும் நின்று வழிவிடுபவர். அவரைப் போய் மாட்டுத் தோலில் ஒட்டிய நாற்காலியில் உட்கார வைப்பதா?

பரசுராமன் அரக்கை எடுத்தார். அது மரத்தில் பூச்சி விடுகிற பிசின் என்று மல்லிநாதனுக்கே தெரியும். அதுவும் தள்ளுபடி.

ஹார்டுவேர் கடையிலிருந்து வெள்ளைப் பசை டப்பா வந்தது. டப்பாவின் மேல் ஒரு காளை மாடு படம்.

“பலத்துக்குப் போட்ட படம்ங்க அது. சிங்க மார்க் தீப்பெட்டில சிங்கமா கீது?” என்றார் பரசுராமன்.

மல்லிநாதன் மசியவில்லை. காளையைப் படம் பிடித்தவன் அப்புறம் அதை என்ன செய்தான் என்று யார் கண்டது? இரண்டு டியூப்பைக் கலந்து ஒட்டுகிற சீமைப் பசையில் ஈ எறும்புகூடக் கிடையாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஆனால் அது இறுக மறுநாள் ஆகிவிடுமாம்.

மணி எட்டரை. அப்போதுதான் கனகவதி வாயைத் திறந்தாள்.

“மைதா இருக்குது.”

வண்டு இருக்கப்போகிறதே என்று மல்லிநாதன் மாவைத் தன் கையால் மூன்று முறை சலித்தார். அவளே கிளறி இறக்கினாள். காகிதம் ஒட்டுகிற பசையை மரத்துக்குப் போடுகிற பாவத்தைப் பரசுராமன் அன்றுதான் செய்தார். தொழில் மானம் விடாமல், யாரும் பார்க்காதபோது ஒரு மூங்கில் ஆப்பையும் அடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மல்லிநாதனுக்குச் சந்தேகம் வந்தது. மேலும் ஒரு கரண்டிப் பசையை ஊற்றினார். உட்காரும் பலகையில் வழிந்ததைத் துடைத்தார், அல்லது துடைத்ததாக நினைத்தார்.

வர்த்தமானன் வந்தார். உட்கார்ந்தார். நாற்காலி முனகியது, ஆனால் நின்றது.

மல்லிநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. தோல், பூச்சி, காளை என்று காலையில் நடந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னார். பேசும்போதும் அவர் கண் நாற்காலிக் காலை விட்டு நகரவில்லை.

“உயிர வதைச்சி எடுத்த பொருள் ஒண்ணுகூட எங்க வாசப்படி தாண்டாதுங்க,” என்று முடித்தார்.

அந்த நேரம் பார்த்து ரத்னமாலா மோர் தம்ளர்களோடு வந்து நின்றாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை, அசல் ஆரணிப் பட்டு.

வர்த்தமானன் புடவையைப் பார்த்தார். மல்லிநாதனும் பார்த்தார். அடுத்த வீட்டுத் தறி அடிக்கிற சத்தம் அவருக்கு அன்றுதான் காதில் விழுந்தது. ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் கூடு, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு புழு, எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். இந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. இவர் மைதாவில் வண்டு தேடிக்கொண்டிருந்தார்.

வர்த்தமானன் தோள்துண்டை இழுத்து மடியை மூடிக்கொண்டார். பிறகு சட்டென்று எழுந்தார்.

நாலாவதும் போயிற்று என்று மல்லிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வர்த்தமானன் அரைகுறையாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்திருந்தது.

ரத்னமாலா உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சமையலறையில் இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்குவது கூடம் வரை கேட்டது.

மல்லிநாதன் வெந்நீரும் துணியுமாகப் பின்னால் போய் மண்டியிட்டார். பசை பிடித்த வேட்டியை நனைத்து மெல்ல மெல்லப் பிரித்தார். பிரித்தவர் விரல் பாதியில் நின்றது. காலையிலிருந்து நாற்காலிக் காலையே பார்த்த கண் ஏமாறலாம். ஆரணிக்காரன் விரல் ஏமாறாது.

வேட்டி பட்டு. கலப்பில்லாத பட்டு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வர்த்தமானன் திரும்பிப் பார்த்தார்.

சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, வர்த்தமானன் குரலைத் தாழ்த்தினார்.

“இத வெளிய சொல்லிகினு இருக்காதீங்க, சம்பந்தி.”