பிரதியின் வாக்குமூலம்

விளக்கம் கேட்காமல் யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் தைரியத்தில்தான் கிரேன் ஓட்டும் அருளப்பன் விசாரணைக்கு வந்திருந்தான். கிரேனில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லியிருந்தான். பிறகு சரக்கு விழுந்து ஒருவரின் கால் போனதற்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

"விளக்கம் வாங்கியாச்சு அருளப்பன்," என்றாள் மனிதவள அதிகாரி யாழினி. "உங்க பிரதி காலையிலேயே ஆஜராகிடுச்சு."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் பேசியதையெல்லாம் கேட்டு, அவனைப் போலவே பேசப் பழகிய கணினிப் பிரதி. அது சொன்னால் அவனே சொன்னதாகச் சட்டம் ஏற்கும்.

யாழினி திரையைத் தட்டினாள். அவன் குரலேதான்.

"தப்பு என் மேலதான் சார். மன்னிச்சிடுங்க."

"மேடம், அது, மேல இருக்கறவங்க சத்தம் போட்டா சொல்றது! யார் தப்புன்னாலும் எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்?"

"தெரியும்."

"பிரேக் விஷயத்த சொல்லலியா?"

"கேட்டாங்க. 'நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி சார்'னுச்சு."

அருளப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசக் கூடாதா அது?"

யாழினி திரையை அணைத்தாள். "நீங்க எதுத்துப் பேசி அது எப்பங்க கேட்டிருக்கு?"