பச்சமுத்து மேஸ்திரி ஜல்லி உடைத்த பொழுது

மேஸ்திரி பச்சமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களின் வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்துச் சவரியம்மாள் வாயைப் பிளந்தாள்.

துரை சொல்லிவிட்டாராம். விழுப்புரத்து முகாமிலிருந்து அன்றுதான் முதல்முறையாகத் துரையோடு வந்திருந்த பட்லர், அதைத் தமிழில் சொன்னான்.

"பாட்டு கேட்டா கை தானா போவும்னு சொன்னியே, நீயே ஒக்காந்து ஒடைச்சிக் காட்டணுமாம். தொரை போதும்ங்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாதாம்."

அந்த யுத்த காலத்தில் செஞ்சி மலையடியில் நாலு கும்பல்கள் பட்டாள ரோட்டுக்கு ஜல்லி உடைத்தன. மற்ற மேஸ்திரிகள் பிரம்பை நம்பினார்கள். பச்சமுத்து சவரியம்மாளின் தொண்டையை நம்பினான். அவள் பாடினால் முப்பது சுத்தியலும் ஒன்றாய் விழும். பசியும் வெயிலும் மறந்துபோகும். பத்துக் கூடை நிறைகிற நேரத்தில் பதினைந்து நிறையும். அதற்காகவே அவளைச் சுத்தியல் தொடவிடாமல் புங்கமரத்தடியில் உட்கார வைத்திருந்தான்.

போன மாதம் சவரியம்மாளின் தங்கை லூர்துமேரியின் கண்ணில் கல்சில்லு பாய்ந்தது.

ஐயோ என்று பாட்டை விட்டுவிட்டு எழுந்தவளை இந்தப் பாவி தோளைப் பிடித்து அமுக்கினான். பாட்டு நின்றால் நாளைக்கு முப்பது பேருக்கும் வேலை கிடையாது என்றான். தங்கை ரத்தம் ஒழுக மண்ணில் புரண்டாள். இவள் பாடினாள்.

அந்தக் கண் போய்விட்டது. அன்றிலிருந்து ஜெபமாலை உருட்டும்போதெல்லாம் சவரியம்மாள் மாதாவிடம் கேட்டது ஒன்றுதான். இவன் கை விளங்காமல் போக வேண்டும்.

இப்போது மாதாவே பிடித்து உட்கார வைத்ததுபோல் எதிரே உட்கார்ந்திருக்கிறான். விடுவாளா?

மெதுவாகத் தொடங்கி, நாலாவது அடியிலேயே வேகத்தைக் கூட்டினாள். பெண்களுக்குச் சொல்லவா வேண்டும்! ஒருத்தியை ஒருத்தி கண்ணடித்துக்கொண்டு போட்டார்கள் பாருங்கள், ஜல்லி பறந்தது.

மேஸ்திரி முதலில் இளித்துக்கொண்டே அடித்தான். கொஞ்ச நேரத்தில் இளிப்பு போயிற்று. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. சுத்தியல் தப்பிக் கட்டைவிரல் மேலேயே விழுந்தது. துரை முன்னால் கத்தக்கூட அவனுக்குத் தைரியமில்லை.

"போதுமான்னு கேளுங்கய்யா," என்று பட்லரைக் கெஞ்சினான்.

பட்லர் பணிவாகக் கேட்டான். துரை மேஸ்திரியை ஆச்சரியமாகப் பார்த்து, சிரித்து, என்னவோ சொன்னார்.

"இன்னும் வேகமாவாம்."

சவரியம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. அடிடா, நல்லா அடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பாடினாள்.

துரை லாரிப் பக்கம் நடந்தார். குடையோடு பின்னால் போன பட்லர், அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தான்.

"அக்கா, இவனை ஒக்காரச் சொல்லி தொரை ஒரு வார்த்தை பேசல. இவனா ஆசப்பட்டு ஒடைக்கிறான்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ பாடு."

லூர்துமேரியின் புருஷன் செபாஸ்தியான் நிமிர்ந்து, துரைக்குக் குடை பிடிக்க ஓடினான்.

சவரியம்மாள் அடுத்த அடியை எடுத்தாள்.